செட்டிநாட்டில் கிடைத்த பர்மியக் கத்தி: அடையாளம் கண்டதும் காத்ததும்

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடைக்காரர், "ஜப்பான் கத்தி சார், சண்டைக் காலத்து அசல்" என்று சொல்லித்தான் அதை என் கையில் கொடுத்தார். மர உறையிலிருந்து நான்கு விரல் உருவியதுமே அது ஜப்பான் கத்தி இல்லை என்று தெரிந்துபோனது. ஜப்பானியக் குத்துவாளான தான்தோவைப் பழகிய கண் முதலில் மூன்று இடங்களைத் தேடும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே ட்சுபா என்னும் காப்புத் தகடு; அலகின் அடியைக் கவ்வி நிற்கும் ஹபாகி என்னும் உலோகச் சட்டை; பிடியின் பக்கவாட்டில் அலகைப் பூட்டி வைக்கும் மூங்கில் ஆணி. சில தான்தோக்களில் ட்சுபா இருக்காது. மற்ற இரண்டும் இல்லாமல் இருப்பது அபூர்வம். இதில் மூன்றுமே இல்லை.

இருந்தது இதுதான். உருண்டைப் பிடி, அதன் மேல் வெள்ளித் தகடு, தகட்டைச் சுற்றி முறுக்குக் கம்பி வளையங்கள், நுனியில் தாமரை மொட்டு போல் ஒரு குமிழ். பிடியின் வாயில் ஒரு பூண். அந்தப் பூணிலிருந்து நேராக அலகு கிளம்புகிறது. ஒரு பக்கம் மட்டும் கூர், முதுகு தட்டை, முனை லேசாக மேல்நோக்கி வளைந்தது. மொத்த நீளம் 36.5 செ.மீ., அலகு மட்டும் 21.5 செ.மீ., அகலம் 2.6 செ.மீ. முதுகின் கனம் பூணருகே 6 மி.மீ., முனையருகே 2 மி.மீ. உறை இல்லாமல் எடை 195 கிராம்.

காப்பு இல்லாத உருண்டைப் பிடியும் ஒரு பக்கக் கூரும் சேர்ந்தால் நினைவு நேராக பர்மாவுக்குப் போக வேண்டும். பர்மிய மொழியில் கத்தி, வாள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் தா. தோளில் கயிறு மாட்டித் தொங்கவிடும் நீண்ட வாளும் தா, மூங்கில் வெட்டும் வெட்டுக்கத்தியும் தா. இடுப்பில் செருகும் இந்தச் சிறியதன் பெயர் தாஹ்மியாங். சயாம், லாவோஸ், யுன்னான் வரை இந்தக் குடும்பத்து வாள்கள் பரவியிருக்கின்றன. அதனால் தா என்று சொல்வது எளிது, எந்த ஊர்த் தா என்று சொல்வதுதான் வேலை. கச்சின் மலைக்காரர்களின் கத்தி என்றால் அலகின் முனை பெரும்பாலும் சதுரமாக வெட்டினாற்போல் இருக்கும், உறையின் ஒரு பக்கம் திறந்திருக்கும். இது அது இல்லை. நம் பக்கத்துக் கத்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். குடகின் பீச்சாங்கத்திக்கும் வெள்ளிப் பிடி உண்டு, ஆனால் அலகு அகலம், உறையில் வெள்ளிச் சங்கிலிகள் தொங்கும். கண்டியின் பிஹா கத்தியில் பிடியும் அலகின் அடியும் செதுக்கு வேலையால் நிறைந்திருக்கும். இரண்டுமே இதன் பக்கத்தில் வைக்கவே முடியாதவை.

உறைதான் என்னை உறுதிப்படுத்தியது. இரண்டு மரப் பாதிகளைச் சேர்த்து, பிரம்பு வளையம் போட்டு இறுக்கி, மேலே கறுப்பு அரக்குப் பூச்சு. அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் மரவை என்று சொல்லும் பர்மியப் பாத்திரங்களில் இருக்கும் அதே கறுப்பு. தித்ஸி என்ற மரப்பாலைப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தேய்த்து வருவது. வெளிச்சத்தில் சாய்த்தால் கறுப்புக்குள் ஒரு காப்பிப் பழுப்பு தெரியும். இப்போதைய எனாமல் பெயின்டில் அது வரவே வராது.

வாங்குவதற்கு முன் சட்டப்படி இரண்டு விஷயங்கள் பார்த்தேன். சேகரிக்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. ஒன்று, ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத் தனி வகையாக வைத்திருக்கின்றன. இது இரண்டுக்கும் கீழே. இரண்டு, பிடியில் தந்தம் இருக்கிறதா என்பது. பர்மியத் தாக்களில் யானைத் தந்தப் பிடி சாதாரணம். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு பழையதானாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். இந்தியாவில் தந்தம் வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடைக்காரரிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார். நான் விலையில் பேரம் பேசவில்லை. அதற்குப் பதிலாக அந்த வீட்டைக் காட்டச் சொன்னேன். பழம்பொருள் ஒன்று வந்த வீட்டை விட்டுப் பிரியும்போது அதன் பாதி வரலாறு வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பாதியை எப்படியாவது வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் கதவைத் திறந்தார். கத்தியைக் காட்டியதும், "இது எங்க ஐயா கத்தியில்ல, தம்பி" என்றார். அவருடைய ஐயா ரங்கூனில், மொகல் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில், மேலாளாக இருந்தவர். "ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எல்லாத்தையும் போட்டுட்டு நடந்தே வந்தாக. வழியெல்லாம் மூங்கி வெட்ட, வெறகு சீவ இந்தக் கத்திதான்னு சொல்லுவாக."

ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது முதலில் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. நகரம் விழுந்தது 1942 மார்ச் 8. அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் எல்லையூரான தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும் நடந்தார்கள். ஆச்சியின் ஐயா வந்தது தமு வழி. 'ஜப்பான் காலத்துக் கத்தி' என்று அந்த வீட்டில் சொன்னதுதான் கடைக்கு வந்து சேரும்போது 'ஜப்பான் கத்தி' ஆகியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு சொல் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அலகின் வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. கெட்டியான எதையோ வெட்டியதால் வந்தவை. அவை ஆச்சி சொன்ன கதைக்கு நிரூபணம் ஆகாது, ஆனால் கதையோடு ஒத்துப்போகின்றன. என் பதிவு அட்டையில் இந்த இரண்டையும் தனித்தனி வரியாகத்தான் எழுதியிருக்கிறேன்: கண்ணால் பார்த்தது ஒரு வரி, காதால் கேட்டது ஒரு வரி.

மூன்று குழிகள்

வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தபோது அலகின் ஒரு பக்கத்தில், ஏறத்தாழ சம தூரத்தில், மூன்று வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மிளகு அகலம். வட்டத்துக்குள் இரும்பு அரித்துக் குழி விழுந்து, ஓரம் கறுத்து, நடுவில் ஆரஞ்சு நிறத் துரு பொடிந்து நின்றது. மற்றப் பக்கத்தில் இப்படி எதுவும் இல்லை. முதலில் ஏதோ அமிலம் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். சிந்தியது இப்படி அளந்து வைத்தாற்போல் விழாதே என்று இரண்டு நாள் குழம்பினேன்.

ஆச்சியிடம் போனில் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொட்டு தம்பி. ஆயுத பூசைக்கு வருசா வருசம் மூணு பொட்டு வப்போம்ல."

சந்தனத்தைக் குழைத்து வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம். பூசை முடிந்ததும் கத்தி அப்படியே உறைக்குள் போய்விடும். அடுத்து ஐப்பசி அடைமழை. காய்ந்த சந்தன மேலோடு மழைக்கால ஓதத்தை உறிஞ்சி அந்த மூன்று வட்டங்களுக்குள் பிடித்து வைத்துக்கொண்டது. மர உறைக்குள் காற்றும் இல்லை. அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும். எழுபது எண்பது ஆயுத பூசைகள் அந்த இரும்பில் எழுதிவைத்த கணக்கு அது.

அடுத்த பூசைக்கு முன் கத்தியைப் பளபளப்பாக்க வேண்டுமே? "நான்தான் தேய்ப்பேன். சின்னப் புள்ளைல எங்க அப்பத்தா தேய்ப்பாக. புளியும் செங்கப்பொடியும் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி." இதைக் கேட்டபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. ஏன் என்பது அடுத்த வாரம்தான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

சாய்வு வெளிச்சத்தில்

அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, வெளிச்சம் அலகின் மேல் கிட்டத்தட்டக் கிடையாக ஓடும்படி செய்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாதவை தெரியும். கூர் வாயை ஒட்டி மேகம் படிந்தாற்போல ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. கொல்லர் தோய்ச்சல் கொடுத்துக் கெட்டியாக்கிய பகுதி அது. அப்படியானால் இது காட்சிக்கு மட்டும் செய்த கத்தி இல்லை.

பூணை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு, தேய்க்கும் விரல் எட்டாத மூலையில், இரும்பின் நிறம் வேறு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தேன். வலை போல் குறுக்கும் நெடுக்குமாக, தலைமுடியை விட மெல்லிய கீறல்கள். அவற்றின் மேல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளி இழைகள். முதுகோரமாக இன்னும் இரண்டு இழைகள், முனை வரை விட்டு விட்டுப் போயின.

பர்மாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20இன் தொடக்கத்திலும் இந்த வேலை சிறப்பாக நடந்தது. அலகின் மேற்பரப்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, மெல்லிய வெள்ளிக் கம்பியை அதன் மேல் வைத்துச் சுத்தியால் தட்டினால் கீறல்கள் வெள்ளியைக் கவ்விக்கொள்ளும். பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டால் கறுப்பில் வெள்ளிச் சித்திரம் எழும். பூங்கொடிகள், வெஸ்ஸந்தரர் கதை போன்ற, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளின் காட்சிகள், சில வேளை செய்தவர் பெயரும் ஊரும். இந்த அலகு முழுக்க அப்படி ஒரு சித்திரம் இருந்திருக்கிறது. புளியின் டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்தது. செங்கல் பொடி வெள்ளியை அரைத்தெடுத்தது. அன்போடு செய்த வேலைதான். வருடத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுப் பெண்கள் கையால் அந்தக் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு போயிருக்கிறது.

மிச்சமிருந்த மூலையில் இழைகள் கொடிபோல் ஓடவில்லை, வட்டம் வட்டமாகச் சுழித்து நின்றன. பர்மிய எழுத்தா என்ற சந்தேகம் வந்தது. நான்கு திசையிலிருந்தும் டார்ச் அடித்துப் படம் எடுத்து, நான்கையும் பெரிதாக அச்சிட்டு, சென்னை வியாசர்பாடியில் ஒரு பாட்டியிடம் எடுத்துப் போனேன். பர்மாவில் நே வின்னின் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய 1964க்குப் பிறகு கப்பலில் வந்த குடும்பம். பாட்டி பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். விரலால் காற்றில் ஒருமுறை எழுதிப் பார்த்தார்.

"ஸயா. ஸயான்னுதான் இருக்கு. அதுக்குப் பிறகு பேரு வரணும். பேரு இல்லையே தம்பி."

ஸயா என்றால் ஆசிரியர், தொழில் தெரிந்த குரு. கைவினைஞர் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் மரியாதைச் சொல். குரு இருக்கிறார், பெயர் தேய்ந்துபோயிற்று. அன்று ரயிலில் திரும்பும்போது அந்தப் படத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெள்ளியின் சாட்சி

பிடித் தகடு உண்மையான வெள்ளியா, முலாமா? உரைகல்லில் உரசி அமிலம் விடுவது பழைய வழி. ஆனால் அது பொருளைக் கீறும். நகைக்கடைகளில் இப்போது காரட் மீட்டர் இருக்கிறது. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, தொடாமலே எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும். தெரிந்த கடையில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் வெள்ளி 91க்கும் 92க்கும் நடுவே, மீதி பெரும்பாலும் செம்பு.

இந்த எண் எனக்கு நாணயச் சேகரிப்பிலிருந்து நன்றாகத் தெரிந்த எண். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, 91.7 சதவீத வெள்ளி. பர்மாவின் மிண்டோன் மன்னர் மண்டலேயில் 1865இலிருந்து அடித்த மயில் நாணயமும் அந்த ரூபாயின் அளவிலேயே அமைந்தது. பர்மியத் தட்டார்கள் ரூபாயை உருக்கி வேலை செய்தது எல்லாரும் அறிந்த பழக்கம். 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஆக, இந்தத் தகடு நல்ல ரூபாயை உருக்கித் தட்டியதாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. ஸகாயிங் பக்கத்தில் யுவாட்டாங் போன்ற தட்டார் கிராமங்கள் இன்றும் வெள்ளி வேலைக்குப் பேர்போனவை. ஆனால் இந்தப் பிடியை அந்த ஊரோடு முடிச்சுப் போட என்னிடம் எதுவும் இல்லை. அட்டையில் ஊர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். காலம் என்ற இடத்தில் '19ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 20இன் தொடக்கம். 1942க்கு முன்' என்று எழுதினேன்.

என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன்

முதல் மாதம் எதுவுமே செய்யவில்லை. படம், அளவு, எடை மட்டும். உறையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்ததால் ஒரு கறுப்புத் தாளின் மேல் வைத்து, பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். புது உளுத்தூள் விழுந்தால் வெளிர் மஞ்சளாகக் கறுப்பில் தெரியும். ஒரு துளி விழவில்லை. அதனால் மருந்தும் தேவைப்படவில்லை.

துருவில் இரண்டு வகை உண்டு. கறுப்பாக, இரும்போடு ஒன்றி, நகம் பட்டாலும் உதிராமல் இருப்பது உறங்கும் துரு. அதைத் தொடக் கூடாது. ஆரஞ்சாகப் பொடிந்து விரலில் ஒட்டுவது வேலை செய்துகொண்டிருக்கும் துரு. அதை மட்டும்தான் எடுத்தேன். மூன்று குழிகளிலும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, சீவிய மூங்கில் குச்சியால் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே சுரண்டினேன். மூங்கில் துருவை விட மெத்து, இரும்பைக் கீறாது. ஒரு குழிக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. குழியின் அடிக்கறுப்பு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். உப்புத்தாள், பஃப் மெஷின், கடையில் விற்கும் துருநீக்கி எதுவும் அருகில் வரவில்லை. டேனிக் அமிலம் துருவை அடக்கும் நல்ல மருந்து, ஆனால் இரும்பை நீலக்கறுப்பாக்கிவிடும். மிச்சமிருக்கும் வெள்ளி இழைகளின் பக்கத்தில் அப்படி ஒரு புதுக் கறுப்பு வந்தால் பழையது எது, நான் செய்தது எது என்று நாளைக்கு யாரும் பிரிக்க முடியாது.

ஸயா இருக்கும் மூலையில் எண்ணெய்கூட விடவில்லை. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை உருட்டாமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் இழை பஞ்சோடு வந்துவிடும். மற்ற அலகின் எண்ணெயையும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, எல்லாவற்றின் மேலும் ரெனைசான்ஸ் வாக்ஸ் மிக மெல்லியதாக ஒரு பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த மெழுகு காற்றையும் ஈரத்தையும் தடுக்கும், வேண்டும்போது கரைத்து எடுத்துவிடலாம். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்து, நாளடைவில் அமிலமாகும்.

வெள்ளிப் பிடியை நான் பளிச்சென்று ஆக்கவில்லை. முறுக்குக் கம்பிகளின் இடுக்கில் இருக்கும் கறுப்புதான் அந்த வேலையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பிடி லேசாக ஆடுகிறது. தாவின் இரும்பு வால் குட்டை. அதைப் பிடிக்குள் பிசினும் அரக்கும் போட்டுத்தான் நிறுத்துவார்கள். பிசின் காய்ந்து வெடித்தால் ஆடும். சூடு காட்டினால் இறுகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அரால்டைட் ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் பழைய பிசின், இது எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சான்று. ஒரு நாள் யாராவது அதைச் சோதிக்கக்கூடும். அதனால் ஆடுவதை ஆடவிட்டேன். உறையில் அரக்கு உரிந்து நின்ற ஒரே ஓரத்தை மட்டும் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பசை கொண்டு படியவைத்தேன். அசிட்டோன் பட்டால் அது மறுபடி கரையும்.

அலகும் உறையும் இனி ஒன்றாகத் தூங்கக் கூடாது. மரம் விடும் அமில ஆவியும் அடைபட்ட ஈரமும்தான் அந்தக் குழிகளை வளர்த்தவை. மூடி இறுகும் பாலிபுரோப்பிலீன் டப்பாவில், அமிலமில்லாத தாளில், படுக்கைவாக்கில் அலகு. கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒரு சிறு ஈரமானி. இரும்புக்குக் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நிம்மதி. ஆனால் பிடிக்குள் இருக்கும் மரமும் பிசினும் அவ்வளவு வறட்சியைத் தாங்காது. 45ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். உறை தனியாக, 50ஐ ஒட்டி. செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளித் துணி எதுவும் உள்ளே போகாது. அவற்றில் இருக்கும் கந்தகமும் அமிலமும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். தொடும்போது நைட்ரைல் கையுறை. கை வியர்வையின் உப்பு ஒரு கைரேகையை இரும்பில் நிரந்தரமாகப் பதித்துவிடும்.

வேலை முடிந்ததும் படங்களை எடுத்துக்கொண்டு ஆச்சியைப் பார்க்கப் போனேன். வெள்ளி இழைகளைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைத்தால் அவர் கொடுத்த பாதி வரலாற்றுக்கு நான் செய்யும் துரோகம் என்று தோன்றியது. சொன்னேன். ஸயா என்ற எழுத்து இருக்கும் படத்தை வாங்கி, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"படமெல்லாம் இருந்துச்சா இதுல? எங்களுக்குத் தெரியலையே" என்றார். பிறகு அடுத்த படத்தில் இருந்த மூன்று குழிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது எங்க அப்பத்தா வச்ச எடம். அந்த எடத்துலயேதான் நானும் வப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆயுத பூசைக்கு வெறுமனே விட்டுறாதீங்க தம்பி" என்றார்.

"கத்தி மேல வேணாம் ஆச்சி. பெட்டி மேல வைக்கிறேன்" என்றேன்.

சரி என்று தலையசைத்தார். டப்பாவின் மூடியில் இப்போது மூன்று பொட்டுகள் இருக்கின்றன. உள்ளே ஈரமானி நேற்று 46 காட்டியது.